முன்னூற்று நான்கின் அடிப்பக்கம்

செம்பூரில் மழைக்கு இன்னும் இருபது நாள்.
சமையலறையில் தரை இல்லை.

இரண்டு பகலில் மொசைக்கைப் பெயர்த்துவிட்டான் இஸ்ராஃபில்.
உடைக்கும் முன் உளிப்பிடியால்
தட்டித் தட்டிக் கேட்டான்
தர்பூசணி வாங்குகிறவனைப் போல.
"இங்கே பொக்கு. இங்கேயும் பொக்கு.
இத்தனை வருஷம் இதன் மேல் நின்றா சமைத்தீர்கள்?"
மால்டா வங்காளத்தில் தோய்த்த ஹிந்தி.
என்னுடையது மாட்டுங்காவில் தோய்த்தது.
புரிந்தது.

அடியில் ஏதாவது இருக்குமென்று நினைத்தேன்,
ஒரு காசு, கட்டியவன் கால்தடம்,
முன்பிருந்தவர்கள் தொலைத்த திருகாணி.
மணல் இருந்தது.
ஸிங்க்கில் தொடங்கி வாசல்வரை ஒரு விரிசல்.
முப்பத்தாறு மூட்டை இடிபாடு.
லிஃப்டில் ஏற்றக்கூடாதென்று சொசைட்டி போர்டு.
இஸ்ராஃபிலின் மச்சான் தோளில் வைத்து இறக்கினான்.
மூட்டைக்கு ஒருமுறை
இரண்டாம் மாடியில் சப்னிஸ் வீட்டுக் கதவு
திறந்து மூடியது.

துடைப்பம், பிறகு பிரஷ், பிறகு ஈரத்துணி.
தூசு இருந்தால் பூச்சு பிடிக்காதாம்.
விரிசலை அடைப்பதற்கு முன்
உளியால் அதை இன்னும் அகலமாக்கினான்.
இதற்கு ஒரு தத்துவம் சொல்வான் என்று காத்திருந்தேன்.
கெமிக்கல் இன்னொரு டப்பா வேண்டும் என்றான்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி
மூலைக்கு ஒருவராகப் பிடித்து மட்டம் பார்த்தார்கள்.
நஹானி ட்ராப்புக்கு எதிர்ப்பக்கம்
ஒன்றரை விரற்கடை சரிந்திருக்கிறது பழைய தரை.
பதினோரு வருஷமாக நான்
துடைப்பத்தால் தண்ணீரை
மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாட்டம் திருத்தி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு.
காய்ந்தபின் வாசலில் செங்கல் வரப்பு கட்டி
நான்கு அங்குலம் தண்ணீர் நிறுத்தினான்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
படுக்கையறையில் இண்டக்‌ஷன் வைத்து உப்புமா கிண்டினேன்.
ஜன்னல் வழியாக வந்த புறா
கேஸ் குழாய் மேல் உட்கார்ந்து யோசித்து
இறங்கிக் குடித்தது.

இரண்டாம் நாள் மாலை கீழே போனேன்.
ஆறு வருஷமாக எனக்குக் கடிதம் எழுதியவர்,
எல்லாம் செக்ரட்டரி மூலமாக.
நாற்காலி போட்டார் சப்னிஸ்.
உட்கார அல்ல, ஏற.

அவர் சீலிங்கில் என் தரை.
ஆறிப்போன டீ நிறத்தில் கறை.
அது பரவப் பரவ
ஓரத்தைப் பென்சிலால் வரைந்து
கோட்டுக்குக் கோடு தேதி போட்டிருந்தார்,
பொடிப்பொடியான மராத்தி எண்களில்.
ஜூலை ஒன்பது, மெஷின் குழாய் கழன்ற நாள்.
ஆகஸ்ட் இருபத்திரண்டு, அது மழை, நானில்லை.
பிப்ரவரி மூன்று.

மழையே இல்லாத மாதம்.
கோடு மட்டும் ஒரே இரவில் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் நின்று
போனில் "சரி" என்றேன்.
"கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.
அடுத்த அறையில் மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.
ஸிங்க் நிரம்பியதைப் பார்க்கவில்லை.
அந்த இரவு எங்கேயும் பதிவாகவில்லை
என்றே நினைத்திருந்தேன்.

"அன்று என்ன ஆயிற்று?" என்றார் சப்னிஸ்.
அவருக்கு அது ஈரம்.
"குழாயை மூட மறந்துவிட்டேன்."
உண்மைதான்.

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.
உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு.
அவர் நம்பவில்லை. டார்ச் அடித்தார்.
டிஷ்யூ காகிதத்தை ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்தார்.
பிறகு நாற்காலியில் தானே ஏறி
இன்றைய தேதியை எழுதினார்,
கோடு போடாமல்.
"ஜூன் வரட்டும்."

மேலே, அடைத்திருந்த துணியை உருவினான் இஸ்ராஃபில்.
ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டு
யாரும் தள்ளாமலே போயிற்று தண்ணீர்.

டைல் இன்னும் வாங்கவில்லை.
வெள்ளையா, சாம்பலா?
புனேயிலிருந்து மகன் போனில் கேட்கிறான்.
ஈர சிமெண்டில் வெறுங்காலோடு நிற்கிறேன்.
கீழே
யாரோ நாற்காலியை
மறுபடி இழுத்துப் போடும் சத்தம்.